தொட்டி கழுவிய வாரம்

மீன் தொட்டியிலிருந்து அள்ளிய கூழாங்கற்களை அவள் அடுப்பில் வேகவைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே பெரிய பாத்திரம் அதுதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்க, கற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சத்தம் போட்டன. பேப்பரும் கையுமாக வந்து எட்டிப்பார்த்த மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கல்லுக்கு எத்தனை விசில்மா?" என்று கேட்டார். "குக்கர்ல வைக்கல மாமா, சும்மாதான் கொதிக்குது" என்று அவள் பதில் சொன்னாள். அவளிடம் இதுதான் கஷ்டம். கிண்டல் பண்ணினாலும் நிஜமாகப் பதில் சொல்லிவிடுவாள். "பல்லு போனவன் இருக்கிற வீடு, நல்லா மசிய வேகட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் கூடத்துக்குப் போய்ப் பேப்பரை விரித்தார்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. கைப்பழக்கம் அது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வருகிற கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, எண்ணி, துணியில் மூட்டை கட்டி, நீராவியில் வேகவைக்கிற ஆட்டோகிளேவில் ஏற்றி இறக்குகிற வேலை. மூட்டையின் மேல் ஒட்டிய டேப்பில் கோடு கறுத்திருந்தால்தான் உள்ளே கிருமி செத்தது என்று அர்த்தம். கோடு கறுக்காத எதுவும், எவ்வளவு பளபளத்தாலும் சரி, அவளுக்கு அழுக்குதான். தட்டில் போனது எத்தனையோ அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு கத்தரி குறைந்தாலும் அது யார் வயிற்றுக்குள் கிடக்கிறதோ என்று பெரிய டாக்டருக்கே வியர்த்துவிடும். அதனால் எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவாள். வீட்டிலும் அதே கதை. கதவுக் கைப்பிடி, டிவி ரிமோட், சுவிட்ச் பலகை என்று அவள் மருந்து போட்டுத் துடைக்காத பொருள் கிடையாது. "நல்லவேளை, என்னை இன்னும் ஊறப்போடல" என்று மாமனார் தெருவில் சொல்லிக்கொண்டு திரிவார்.

அந்த வீட்டில் அவள் கை படாமல் இருந்த ஒரே இடம் அந்தத் தொட்டி. அது அவள் புருஷனுடையது. அவன் குடிநீர் வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவன். தெருத்தெருவாக மூடியைத் தூக்கிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்கிற வேலை முடிந்ததும், நேராக வீட்டுக்கு வரமாட்டான். ஊருக்கு வெளியே வாய்க்கால், குட்டை, மதகு என்று எங்காவது இறங்கி நின்று, சாப்பாட்டுக் கேரியரைக் கழுவி அதில் மீனைக் கொண்டுவருவான். கெண்டைக் குஞ்சு, மணலுக்குள் புதைந்துகொள்ளும் அயிரை, பாம்பு மாதிரி மூக்கு நீண்ட ஓர் ஆரல். ஒன்றிலும் பார்க்கிற மாதிரி நிறம் கிடையாது. வண்ண மீன் வாங்கலாமே என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, "கடையில விக்கிறது மீன் இல்ல, கலர் பென்சில்" என்றான். நம்ம தண்ணியில நம்ம காலுக்குக் கீழ என்ன ஓடுதுன்னு எவனுக்குமே தெரியாது என்று நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதே கேரியரில்தான் மறுநாள் அவள் அவனுக்குச் சோறு கட்டவேண்டும். அதற்காக நடந்த சண்டைகளை எண்ணி முடியாது. ஒரு மழை நாளில் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பைக், லாரி, ஈரச் சாலை. அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

மீன்கள் இருந்தன. காலையில் மாமனார் இரை போட்டார். வற்றுகிற தண்ணீருக்கு ஈடாக, டிரம்மில் பிடித்துத் தெளியவைத்த தண்ணீரை அவள் ஊற்றினாள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது என்கிற அளவுக்கு அவன் சொல்லிக் கேட்டிருந்தாள். யாரும் யாரையும் கேட்டு இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. இரண்டு பேரும் தொட்டிப் பக்கம் போகும்போது அடுத்தவர் வேறு எங்கோ பார்ப்பார்.

மாமனாரைத் தெருவில் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயுசு பூராவும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே பிழைத்தவர். எதையும் பத்துப் பேர் கேட்கச் சத்தமாகச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு நகர்ந்துவிடுவது அவர் வழக்கம். நேராக ஒரு கேள்வி கேட்டால், கழுவுற மீனில் நழுவுற மீன். தொட்டியில் இருந்தவற்றிலேயே அவலட்சணமான ஒரு பழுப்பு மீனுக்கு அவர் வைத்த பெயர் செக்கர். சொரசொரவென்று செதில், முறைத்த கண், உள்ளங்கை நீளம். மற்ற மீன்களை மூலைக்கு மூலை விரட்டிக்கொண்டு மேலும் கீழும் போய்வரும். "டிக்கெட்டு எடுத்தியா, டிக்கெட்டு எடுத்தியான்னு கேக்குது பாரு. இந்த ஜாதியாலதான் எனக்கு ரெண்டு தடவை மெமோ" என்பார். செக்கர்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு நிஜமான வெறுப்பு. அதற்கு மட்டும் இரை போடாமல் ஏமாற்றப் பார்ப்பார். அதுதான் முதலில் பாய்ந்து தின்னும்.

கற்கள் வெந்த கதைக்குக் காரணம் அவளுடைய அக்கா. அக்காதான் அந்த இடத்தைக் கொண்டுவந்தாள். மனைவியை இழந்த மனிதர், வேறொரு ஊரில் மருந்துக்கடை, குடி கிடையாது, கோபம் கிடையாது, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறவர். அந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் இவள் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அக்கா இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டார். "தாராளமா போகட்டும். சீட்டு காலியானா நான் காலை நீட்டிப் படுத்துக்குவேன். எனக்கென்ன, துணைக்கு இத்தனை மீன் இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குப் போக ஆசையாக இருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்காரரோடு போனில் பேசியிருந்தாள். அவர் மெதுவாகப் பேசினார், அவள் பேசும்போது குறுக்கே விழவில்லை, ஒருமுறை அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்தார். தன்னால் ஒருவரைச் சிரிக்கவைக்க முடியும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. ஆனால் மாமனார் அவளிடம் போ என்று சொன்னது பஸ்ஸுக்குள் பேசுகிற குரலில். அந்தக் குரலை நம்பி அவள் எதையும் செய்ததில்லை. ஒரே ஒரு தடவை சிரிக்காமல் சொல்லிவிட்டால் மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவாள். அவர் சிரிக்காமல் எதையும் சொல்கிறவராக இல்லை. ஆகவே அவள் மீன்களைப் பிடித்துக்கொண்டாள். மீன் இருக்கிறது, காலையில் எழுந்து இரை போட ஒரு வேலை இருக்கிறது, திட்டுவதற்கு ஒரு செக்கர் இருக்கிறது, மனிதர் தனியாக இல்லை. இப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

அந்த வார இறுதியில் மருந்துக்கடைக்காரரும் அவருடைய அக்காவும் வருவதாக இருந்தார்கள். கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது தொட்டிதான். கண்ணாடியில் பச்சையாக ஒரு படலம், கல்லெல்லாம் வழவழவென்று, ஃபில்டர் பஞ்சு சாக்கடை நிறத்தில். கிருமியைக் கொல்லுகிற வேலையில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவள் வீட்டில் இப்படியா என்று நினைப்பார்களே. மீன்களை வாளிக்கு மாற்றினாள். கற்களை வேகவைத்தாள். கண்ணாடியைக் கம்பி நாரால் தேய்த்தாள். பஞ்சைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, வாசனை போகிற வரைக்கும் அலசி அலசிப் பிழிந்தாள். அது வாங்கிய அன்று இருந்ததைவிட வெள்ளையானது. தெளிந்த தண்ணீரைக் கண்டக்டரே டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார். எல்லாம் முடிந்து விளக்கைப் போட்டபோது தொட்டிக்குள் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மீன்கள் காற்றில் தொங்கின. "ஏ அப்பா! நம்ம வீடா இது, நகைக்கடையா?" என்றார் அவர்.

விருந்தாளிகள் வந்தார்கள், டீ குடித்தார்கள். மருந்துக்கடைக்காரர் போனில் வந்த படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் குண்டாக இருந்தார். அது ஒன்றும் குறையில்லை. அவருடைய அக்கா வீட்டின் சுத்தத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் பழைய பஸ் கதைகளை எடுத்துவிட, சிரிப்பு ஓயவில்லை. பேச்சுக்கு நடுவில் மருந்துக்கடைக்காரர் தொட்டி அருகே போய்க் குனிந்து பார்த்தார். "எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதே. பசி போல." அவ்வளவுதான், கண்டக்டர் எழுந்து இரை டப்பாவைக் கவிழ்க்காத குறையாகக் கொட்டினார். "வந்தவங்க புண்ணியத்துல உங்களுக்கும் விருந்துடா." மீன்கள் தின்னவில்லை. மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. வாசல் வரை போய் வழியனுப்பியபோது மருந்துக்கடைக்காரர் அவளிடம், "உங்க மாமா மாதிரி மனுசரைத் தனியா விட்டுட்டு வரக் கஷ்டமாத்தான் இருக்கும். நீங்க யோசிச்சே சொல்லுங்க" என்றார். நல்லவர்தான். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது. அதற்கு அடுத்த நாள் வேலை முடிந்து வந்தவள் கைப்பையை வைக்காமலேயே தொட்டியைப் பார்த்தாள். கெண்டைக் குஞ்சுகள் குறைந்திருந்தன. "கல்லுக்கு அடியில இருக்கும்மா" என்றார் அவர், கேட்பதற்கு முன்னாலேயே. அன்றைய பேப்பரில் நடுத்தாளைக் காணோம். அடுத்த நாள் அயிரைகளையும் காணோம், விளையாட்டுச் செய்தியையும் காணோம். செத்ததைத் தாளில் சுற்றி, அவள் வருவதற்குள் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். யாரிடம் மறைக்கிறார்? போனதையும் வந்ததையும் எண்ணுவதற்கே சம்பளம் வாங்குகிறவளிடம். அவள் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தால் அவர் என்ன செய்வார் என்று அவளால் ஊகிக்க முடியவில்லை. அதனால் இரண்டு பேரும் சாப்பிடும்போது வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவன் இல்லாத நேரத்தில் கண்ணாடியைத் தேய்க்கப் போனாள். அதற்குள் வந்துவிட்டவன் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். "அது அழுக்கு இல்லடி. அந்த வழவழப்புதான் மீனோட கழிவைத் தின்னுது. அதைத் தேய்ச்சுட்டா அதுங்க தன் கழிவுலயே மூச்சு முட்டிச் செத்துரும்." அவள் அப்போது நம்பவில்லை. கழுவ உடம்பு வளையாதவன் எதையாவது சொல்லத்தானே செய்வான். இப்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தாள். அவன் விட்டுப்போனவற்றில் உயிரோடு இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். அதைப் பிளீச்சிங் போட்டுக் கொன்றிருக்கிறாள், அதுவும் இன்னொருத்தர் வந்து பார்ப்பதற்காக. பக்கத்தில் இருந்த பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

மிச்சக் கெண்டைகளும் ஆரலும் போனதற்கு மறுநாள் காலையில் அவள் அடுக்களையில் நின்று அக்காவுக்குப் போன் பண்ணினாள். "இப்ப வேணாம்க்கா. கொஞ்ச நாள் போகட்டும்."

"ஏன்டி? அவர் சரின்னுட்டாரு, அவங்க அக்கா சரின்னுட்டாங்க, உன் மாமனாரே சரின்னுட்டாரு. நீ என்ன ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு நிக்கிற?"

"மீனெல்லாம் செத்துப்போச்சுக்கா."

அக்கா, "உனக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கண்டக்டர் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எது செத்துச்சு? எல்லாம் இருக்கு. அதுங்களுக்கும் ஞாயித்துக்கிழமை லீவு வேணாமா? தூங்குதுங்க."

"இன்னைக்கு வியாழக்கிழமை மாமா."

"சரி, வியாழக்கிழமை."

"நான் எண்ணிட்டேன் மாமா. அந்தப் பழுப்பு ஒண்ணுதான் இருக்கு."

அவர் வாயைத் திறந்து மூடினார். டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்தார், குடிக்காமல் மேடைமேல் வைத்தார், கூடத்துக்குப் போய்விட்டார். அவளுக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது.

அன்று ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவு, பெரிய ஆபரேஷன் எதுவும் இல்லை. வெயில் இறங்குவதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசல் கதவு திறந்திருந்தது. படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே கூடம் முழுக்க ஈரம். தொட்டி காலியாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கற்கள் ஒரு சாக்கில் கட்டிக் கிடந்தன. வாளி உருண்டு கிடந்தது. இதற்கு நடுவில் கண்டக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஈரத் துண்டோடு, தரையில் நாலு காலில் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் செக்கர் நடந்து போய்க்கொண்டிருந்தது.

நடந்துதான். அவள் முதலில் துள்ளுகிறது என்று நினைத்தாள். துள்ளவில்லை. ஒரு பக்கச் செவுளை விரித்துத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, உடம்பை முன்னே இழுத்து, மறுபக்கச் செவுளை ஊன்றியது. அவசரமே இல்லை. எங்கே போகவேண்டும் என்று தெரிந்த மாதிரி வெளிச்சம் வருகிற பக்கம் போனது. பனையேறி என்று அவன் அதற்கு ஒரு பெயர் சொன்னதும், மீனாவது மரம் ஏறுவதாவது என்று தான் சிரித்ததும் அவள் நினைவில் வந்துபோயின. அது தண்ணீரைவிட்டு வெளியே தலையை நீட்டிக் காற்றைக் குடிக்கிற மீன். அதனால்தான் அது மட்டும் சாகவில்லை.

"கதவைச் சாத்தும்மா!" என்று கண்டக்டர் கத்தினார். "போயிடும்! சாத்து! போயிடும்மா!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. மகன் செய்தி வந்த அன்றுகூட அவர் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் சட்டென்று உள்ளே வந்து கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றாள். மீன் வந்து அவள் செருப்புக்குப் பக்கத்தில் கதவுப் பலகையை முட்டியது. பின்வாங்கி, மறுபடியும் முட்டியது.

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விரலில் ரத்தம். செவுள் முள் கிழித்திருந்தது. "வாய்க்கால்ல விட்டுட்டு வந்துரலாம்னு பார்த்தேன். நீ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் காலி பண்ணிட்டா, மீன் மீன்னு நீ நிக்கமாட்டல்ல. மூடியில்லாத வாளி, குதிச்சிருச்சு சனியன்." மூச்சு வாங்கினார். "எனக்கு மீனே புடிக்காதும்மா. அவன் கொண்டுவந்த நாள்லேர்ந்தே புடிக்காது. நாத்தம். உனக்கு வேணுமேன்னுதான் இரை போட்டேன்."

"எனக்கும் புடிக்காது மாமா" என்றாள் அவள். "உங்களுக்கு வேணுமேன்னுதான்."

வேறொரு நாளாக இருந்தால் அவர் இதை ஒரு வாரத்துக்குத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். இப்போது சிரிக்கவில்லை. துண்டின் ஈர நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். முகம் மெல்லக் கோணியது. வயசான ஆம்பளை அழுவது பார்க்க நன்றாக இருக்காது. அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"பயமா இருக்கும்மா" என்றார். "நீ வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்குமே இந்த வீட்டுல எனக்குப் பொழுது போகல. நீ மொத்தமாப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு தெரியல. நெசமாத்தான் தெரியல." மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "ஆனா நீ போ. பயமா இருக்குன்னு சொன்னேன்ல, அதுவும் நெசம். போன்னு சொல்றேன்ல, இதுவும் நெசம். ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவள் இத்தனை நாளாகக் காத்திருந்தது இதற்குத்தான். வந்தபிறகு அதை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குனிந்து, அவர் கையிலிருந்த துண்டை வாங்கினாள். மீனின் மேல் போட்டு, செவுள் முள் குத்தாத மாதிரி பின்னாலிருந்து அள்ளினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. திமிறவில்லை. வாய்க்காலுக்குப் போக எழுந்தவளின் மற்றொரு கை கதவின் தாழ்ப்பாள்மேல் இருந்தது. அவர் தரையிலிருந்து நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டுக்குள் செவுள் விரிந்து, மூடி, மறுபடியும் விரிந்தது. காற்றில்தான் அது மூச்சு விடுகிறது என்பது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.